மேற்கு ஜன்னல்

ஜெசிந்தாவின் மூக்கு ஊரறிந்த மூக்கு. பால்காரர் முந்தின நாள் பாலைக் கலந்து ஊற்றினால் சொம்பை வாங்கும்போதே சொல்லிவிடுவாள். அந்தோணியார் திருவிழாச் சாப்பாட்டில் சாம்பார் ஊசத் தொடங்கியதை முதல் பந்திக்கு முன்பே கண்டுபிடித்து, ஊர்ச் சனத்தின் வயிற்றைக் காப்பாற்றியவளும் அவள்தான். அன்றைக்குப் பங்குச் சாமியாரே கூப்பிட்டுப் பாராட்டினார். அப்பேர்ப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு சொந்த வீட்டுக்குள் உட்கார முடியாமல் தவித்தாள் என்றால் அந்தக் கொடுமையை என்னவென்று சொல்வது.

ஆனி பிறந்தால் போதும், குமுளி மலையிலிருந்து இறங்குகிற காற்று உத்தமபாளையம் பக்கத்து ஊர்களையெல்லாம் ஒரு உலுக்கு உலுக்கிவிடும். தென்னை மட்டையும் திராட்சைச் சருகும் தெருப்புழுதியும் சேர்ந்து வந்து வீட்டுக்குள் விழும். எல்லார் வீட்டிலும் விழுவதுதான். ஆனால் ஜெசிந்தா வீட்டு ஹாலில் மட்டும் காற்றோடு சேர்ந்து ஒரு வாடையும் வந்தது. அழுகின முட்டையை வெயிலில் வைத்த மாதிரி ஒரு வாடை. காலையில் காப்பித் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனால் காப்பிக்கு முன்னால் அது தொண்டைக்குள் இறங்கும்.

ஹாலின் மேற்குச் சுவரில் இரண்டு ஜன்னல்கள், ஒவ்வொன்றுக்கும் இரட்டைக் கதவு. நல்ல வேங்கை மரம்தான். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவள் புருஷன் அமிர்தராஜ், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹாலைப் பின்பக்கம் நீட்டிக் கட்டியபோது பார்த்துப் பார்த்துப் போட்டவை. ஐப்பசி மழையில் மரம் ஊறி, கதவு மூட வரவில்லை. யாரையும் கூப்பிடவில்லை அவர். எங்கிருந்தோ ஒரு இழைப்புளியை இரவல் வாங்கி வந்து, தொப்பை குலுங்க, ஊறிப் பருத்திருந்த கதவை ஓரம் ஓரமாக இழைத்துத் தள்ளினார். அன்றைக்குக் கதவு வெண்ணெயாக மூடிக்கொண்டது. அவரும் மீசையை நீவிக்கொண்டார். ஆனியில் மரம் காய்ந்து சுருங்கியபோது சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் விரல் நுழைகிற இடுக்கு விழுந்தது. காற்று அதில் புகுந்து ராப்பகலாகச் சீட்டியடித்தது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு முடுக்குச் சந்து. முடுக்கைத் தாண்டினால் பாக்கியம் குடியிருக்கும் வாடகை வீடு. பாக்கியம் கருவாடு விற்பவள். புருஷன் வண்டிப்பெரியாறு எஸ்டேட்டில் கிடந்தான், வந்தால் வருவான். தூத்துக்குடி லாரியில் வந்திறங்கும் நெத்திலியையும் வாளையையும் மொட்டைமாடியில் காயப்போட்டு, சின்னமனூர்ச் சந்தை, கம்பம் சந்தை என்று சுமந்துபோய் விற்று, இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

வாடை மேற்கேயிருந்து வருகிறது. மேற்கே இருப்பவள் கருவாட்டுக்காரி. இதற்கு மேல் என்ன விசாரணை வேண்டும்? ஜெசிந்தாவின் மூக்கு தீர்ப்பு எழுதிவிட்டது.

வெறும் வாடையாக மட்டும் இருந்திருந்தால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாளோ என்னவோ. மகன் செல்வினுக்கு முப்பத்து மூன்று முடிந்துவிட்டது. கம்பத்தில் ஒரு பைக் ஷோரூமில் கணக்குப் பார்க்கிறான். குணத்தில் குறை சொல்ல முடியாது. போன ஆனியில் ராயப்பன்பட்டியிலிருந்து ஒரு பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். கேசரியைத் தொட்டார்கள், தின்னவில்லை. தரகர் பிற்பாடு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்.

"பையனப் பிடிச்சிருக்குன்னு சொன்னாகம்மா. வீடுதான் ஒரு மாதிரி வாடையடிக்குதுன்னு சொல்லிட்டாக."

அதைக் கேட்ட நாளில் ஜெசிந்தா சோறு தின்னவில்லை. பெருக்கித் துடைத்து, வாரம் ஒரு தரம் ஒட்டடையடித்து வைத்திருக்கிற வீட்டை ஒருத்தர் வாடை என்று சொல்வதா! அதுவும் எவளோ ஒருத்தியின் கருவாட்டுக்காக! பாக்கியத்தையோ அவள் பிள்ளைகளையோ தெருவில் பார்த்தாலே மூஞ்சியைச் சுளித்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது உடுத்தியிருக்கும் யூனிஃபார்மில்கூட நெத்திலிச் செதில் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

இந்த வருஷம் சுருளிப்பட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ஜான் பீட்டர் என்று திராட்சைத் தோட்டக்காரர். ஒரே மகள், அனிதா மேரி, நர்ஸ். பெண்ணுக்கும் பையனுக்கும் போனில் பேசி ஒருவரையொருவர் பிடித்துப்போய்விட்டது. செல்வின் குளியலறையில் பாட்டுப் பாட ஆரம்பித்திருந்தான். மிச்சமிருந்தது வீடு பார்க்கிற சடங்கு ஒன்றுதான்.

"ஏங்க, ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு பொண்ணு வீட்டுக்காரக வாராகளாம்," என்றாள் ஜெசிந்தா. "அதுக்குள்ள இந்த ஜன்னல அடைச்சாகணும்."

"ஆடி மாசத்துலயா வாராக?"

"வேதக்காரகளுக்கு ஆடியென்ன ஆவணியென்ன? பேச்ச மாத்தாதீங்க. அந்தக் கருவாட்டுக்காரியக் கெளப்புறதுக்கு வழி பாருங்க."

அமிர்தராஜ் செய்தித்தாளை இறக்கவேயில்லை. "வீட்டுக்காரன் எங்க சித்தப்பா மகன்தான. நீயே போன் போட்டுச் சொல்லு. பொம்பள சொன்னா தட்ட மாட்டான்."

ஜெசிந்தா போன் போட்டாள். ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னாள். மறுநாளே வீட்டுக்காரர் வந்து, மாசம் முடியும்வரைகூடப் பொறுக்காமல், ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பாக்கியம் முடுக்கில் நின்றபடி இந்தப் பக்கம் பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்து ஜெசிந்தா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றாள். பாக்கியம் வரவில்லை. உள்ளே போய்ச் சாமான்களை ஒழிக்க ஆரம்பித்தாள். அந்த அமைதி ஜெசிந்தாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அப்புறம் ஜன்னல் வேலை. அமிர்தராஜ் இந்த முறை மரத்தைத் தொடவில்லை. உத்தமபாளையம் போய் அலமாரிக் கதவுக்கு ஒட்டுகிற ரப்பர் பட்டை, ஸ்பாஞ்சு டேப், மர இடுக்கை அடைக்கிற மக்குமாவு எல்லாம் வாங்கி வந்தார். புருஷனும் பெண்டாட்டியும் சனிக்கிழமை காலையிலேயே உட்கார்ந்தார்கள். அவள் சட்டத்தின் ஓரங்களைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாள். கறுப்புக் கறுப்பாக அழுக்கு உருண்டு வந்தது. செத்த ஈ, பல்லி முட்டை ஓடு, என்னவென்றே தெரியாத ஏதோ மயிர். ஒவ்வொன்றையும் பார்த்து, "சீ, எல்லாம் அவ வீட்டுலருந்து வந்தது," என்று சொல்லிக்கொண்டே வழித்துக் காகிதத்தில் போட்டாள். அவர் பட்டையை அளந்து வெட்டி ஒட்டினார். பட்டை போதாத இடத்தில் மக்குமாவை மரத்தூளோடு பிசைந்து அப்பினார். கதவை அழுத்தி மூடி, கொண்டியை மாட்டி, அதற்கு மேலே பிரவுன் டேப்பை நெடுகிலும் ஒட்டினார்.

வெளிப்பக்கச் சட்டத்தைத் துடைக்க முடுக்குக்குப் போனபோது ஒன்றைக் கவனித்தாள். சுவரோரமாக மேலேறுகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்று ஜன்னல் மட்டத்தோடு நின்றிருந்தது. முன்பு அது மாடிக்கு மேலே வரை போயிற்று. ஹாலுக்குப் புதுமனை புகுவிழா வைத்தபோது, போட்டோவில் அசிங்கமாகத் தெரிகிறது என்று அமிர்தராஜ்தான் அதை அறுத்துவிட்டார். இப்போது அதன் வாயில் உரச்சாக்குத் துண்டைச் சுற்றிக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது என்னங்க புதுசா?"

"பல்லி எறங்கும். அதான்."

பல்லி என்றதும் அவளுக்கு உடம்பு கூசியது. மேற்கொண்டு கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் ஹாலில் காற்றின் சீட்டி நின்றுபோயிற்று. திரைச்சீலை ஆடாமல் அசையாமல் தொங்கியது. ஜெசிந்தா நடு ஹாலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். பினாயில் வாசனை மட்டும்தான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. புருஷனுக்கு அன்றைக்கு மீன் குழம்பு வைத்துப் போட்டாள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாடை ஹாலுக்கு வராமல்தான்.

சாயங்காலம் ஜெபமாலை சொல்ல ஹாலில் உட்கார்ந்தாள். இரண்டு மணி உருட்டுவதற்குள் கை நின்றது.

வாடை இருந்தது. முன்பு காற்றில் விட்டு விட்டு வந்தது, இப்போது ஹால் முழுவதும் தேங்கி நின்றது. எழுந்து ஜன்னலை முகர்ந்தாள். ரப்பர் நாற்றம், மக்குமாவு நாற்றம், அவ்வளவுதான். சாம்பிராணி போட்டாள். வாடை சாம்பிராணியையும் சேர்த்துக்கொண்டு கோயிலில் யாரோ வாந்தியெடுத்த மாதிரி ஆயிற்று. பினாயிலை ஊற்றி மறுபடி துடைத்தாள். துடைக்கக் குனிந்தபோது தலை கிறுகிறுத்தது. கீழே போகப் போக வாடை கெட்டியானது.

அவள் மண்டி போட்டாள். பூனை மாதிரி தரையோடு முகத்தை வைத்து முகர்ந்துகொண்டே போனாள். மேற்குச் சுவரில் ஜன்னலுக்குக் கீழே, சோபா கிடந்த இடத்தில், மூக்கு நின்றது. சோபாவை இழுத்தாள். சுவரும் தரையும் சேருமிடத்தில் டைல்ஸ் பூச்சு உதிர்ந்து, நீளமாக ஒரு கறுத்த கீறல். அதன் ஓரத்தில் ஈரமாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. பொடிப் பொடி ஈக்கள் அதிலிருந்து நடந்து வெளியே வந்தன. ஒன்று அவள் உதட்டில் உட்கார்ந்தது.

ஜெசிந்தா ஓடிப்போய் வாஷ்பேசினில் குழம்பு சோறு எல்லாவற்றையும் கக்கினாள்.

அமிர்தராஜ் உள்ளறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து முன்னால் நின்றாள்.

"ஹாலுக்கு அடியில என்ன இருக்கு?"

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "என்ன இருக்கும்? செப்டிக் டேங்க் இருக்கு. எடம் பத்தலைன்னு அது மேலதான இழுத்துக் கட்டுனோம்."

"மூடி?"

"டைல்ஸுக்கு அடியில போயிருச்சு. அதத் தெறந்து அள்ளணும்னா ஹாலையே ஒடைக்கணும். ரொம்பிருச்சு போல."

"அந்தக் குழா?"

"டேங்குக் காத்து போற குழா. ஒசரமா இருந்தப்ப மேல போயிருச்சு. அறுத்தப்பறம் ஜன்னல் வழியா உள்ள வந்துச்சு. அதான் கட்டிட்டேன்."

சாவகாசமாகச் சொன்னார், மழை வருமா வராதா என்று சொல்கிற மாதிரி.

"அப்ப ஒங்களுக்கு மொதல்லயே தெரியும்."

"கட்டுனவனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுக்கிட்டா அந்தப் பொம்பளையக் காலி பண்ண வச்சீங்க?"

"நா எங்க வச்சேன்? நீதான கருவாட்டு வாடைன்ன. நீதான போன் போட்ட. நா ஒரு வார்த்த சொன்னேனா?" அவர் மறுபடி டிவியைப் பார்த்தார். "சத்தம் போடாத. நாளைக்கு ஒரு நாள் பொழுது போகட்டும். ஊதுபத்திய ரெண்டு சேத்து ஏத்து."

முப்பத்தைந்து வருஷம் ஒரே தலையணையில் படுத்த ஆள். அவர் காதோரத்து நரை, பனியன் ஓட்டை, பக்கோடா தின்ற எண்ணெய் மினுமினுக்கும் உதடு எல்லாம் இன்றைக்குத்தான் புதிதாகக் கண்ணில் பட்டதுபோல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவர் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடிக்கப் போனவள் குடிக்காமல் வைத்துவிட்டாள்.

அந்த நேரமே முடுக்கைத் தாண்டிப் போய்ப் பாக்கியத்திடம் சொல்லியிருக்கலாம். வாசல்வரை போனாள். உள்ளே செல்வின் நாளைக்குப் போடவிருக்கும் சட்டையைத் தேய்த்துக்கொண்டு பாடினான். ஜெசிந்தா திரும்பி வந்து சோபாவை இழுத்துக் கீறலை மறைத்தாள். அதையும் அவள்தான் செய்தாள். யாரும் கையைப் பிடித்துச் செய்ய வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜான் பீட்டரும் அவர் சம்சாரமும் இன்னும் இரண்டு உறவுக்காரர்களும் வந்தார்கள். ஜான் பீட்டர் வெயிலில் கறுத்த நெடிய மனுஷர். ஒரு கூடை திராட்சை கொண்டுவந்திருந்தார். சோபாவில் உட்கார வைத்தார்கள். ஃபேனை ஐந்தில் வைத்தார்கள். ஊதுபத்திகள் மூலைக்கு மூலை புகைந்தன. ஜெசிந்தா கேசரித் தட்டோடு வந்தபோது ஜான் பீட்டர் சம்சாரத்தின் மூக்கு நுனி லேசாகச் சுருங்கியதைப் பார்த்தாள். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. மூக்கு விஷயத்தில் அவளுக்குத் தெரியாதது இல்லை.

"புழுக்கமா இருக்கே. அந்த ஜன்னலத் தெறந்தா நல்லா காத்து வருமே?" என்றார் அந்த அம்மாள்.

"தெறக்க முடியாதுங்கம்மா," என்றார் அமிர்தராஜ், நாக்கு புரளாமல். "அங்கன ஒரு கருவாட்டுக்காரி குடியிருக்கா. ஒரே நாத்தம். அது கொஞ்சம் உள்ள நின்னுபோச்சு. வீட்டுக்காரன்கிட்டச் சொல்லிக் காலி பண்ணச் சொல்லியாச்சு. இன்னைக்குப் போயிருவா. பாருங்க, வாசல்ல வண்டி நிக்குது."

"கருவாடா?" ஜான் பீட்டர் முகத்தைத் தூக்கினார். "அந்த வாடையாத் தெரியலையே."

"சந்தேகம்னா எங்க வீட்டம்மாவக் கேளுங்க. அவ மூக்கு இந்த ஊருக்கே தெரியும்." அமிர்தராஜ் சிரித்தபடி அவள் பக்கம் திரும்பினார். "சொல்லு ஜெசிந்தா. எத்தன நாளாப் பொலம்புற."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். செல்வினும் பார்த்தான். ஒரு ஆமாம் போதும். பையனுக்குக் கல்யாணம் ஆகிவிடும். நாக்கின் மேல் அந்தச் சொல் வந்து உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்தாள். அப்போது வெளியே முடுக்கில் பாத்திரங்கள் வண்டியில் ஏறுகிற சத்தம் கேட்டது. அந்தச் சொல்லை அவள் விழுங்கிவிட்டாள்.

தட்டை வைத்தாள். ஸ்டூலின் மேல் கிடந்த, நேற்று மக்குமாவு அப்பின கத்தியை எடுத்து ஜன்னல் டேப்பை மேலிருந்து கீழ்வரை கிழித்தாள். அமிர்தராஜ், "ஏய், ஏய்," என்றார். ரப்பர் பட்டையைப் பிய்த்து இழுத்தாள். கொண்டியைத் தள்ளிக் கதவை ஓங்கி ஒரு குத்து விட்டாள். மக்குமாவு பொலபொலவென்று உதிர, ஆடிக்காற்று ஹாலுக்குள் பாய்ந்து ஊதுபத்திச் சாம்பலை எல்லார் மேலும் வாரி இறைத்தது.

"இங்கன வந்து மோந்து பாருங்க. அந்தா, அதுதான் கருவாட்டுக்காரி வீடு," என்றாள் ஜெசிந்தா. "அங்கிருந்து காத்துதான் வருது. நாத்தம் நீங்க உக்காந்திருக்கிற சோபாவுக்குக் கீழ இருக்கு. எங்க வீட்டு டேங்கு ரொம்பிக் கெடக்கு. அதுக்கு மேல ஹாலக் கட்டிவச்சுட்டு அவ தலையில பழியப் போட்டோம்."

ஜான் பீட்டரின் சம்சாரம் சட்டென்று இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார். வேறு நேரமாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும். உறவுக்காரர் ஒருவர் வாயிலிருந்த கேசரியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் எழுந்து வெளியே போனார்.

ஜான் பீட்டர் கோபப்படவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "டேங்கு ரொம்புறது எல்லா வீட்லயும் உள்ளதுதாம்மா. அள்ளிட்டாப் போச்சு," என்றார். அப்புறம் அமிர்தராஜைப் பார்த்தார். "இவரு இப்ப நம்ம மொகத்தப் பாத்து ஒண்ணு சொன்னாரு பாருங்க, அதத்தான் யோசிக்கணும். எம் பொண்ணு இந்த வீட்டுல இருந்தா அவ தலையிலயும் எத வேணும்னாலும் போடுவாரு." அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார்கள்.

செல்வின் சுவரில் சாய்ந்து நின்றான்.

"மன்னிச்சுக்கய்யா," என்றாள் ஜெசிந்தா. "நேத்துத்தான் எனக்கே தெரியும்."

"எனக்குப் போன வருஷமே தெரியும்மா," என்றான் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு. "அப்பாதான் சொல்லாதன்னாரு. ஒரு நாளு நீங்க வாயப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா என்னம்மா?"

அந்தக் குரலில் அப்படியே அவன் அப்பா இருந்தார். ஜெசிந்தா வெளியே போனாள்.

முடுக்கில் குட்டியானை லோடு வண்டி கிளம்புகிற நிலையில் இருந்தது. பீரோ, கட்டில், கருவாட்டுக் கூடைகள். மேலே இரண்டு பெண்களும் புத்தகப் பைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். யூனிஃபார்ம் அல்ல, ஞாயிற்றுக்கிழமைப் பாவாடை. வெளுத்துத் தேய்த்த பாவாடை. பாக்கியம் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பாக்கியம், போகாத. வாடை எங்க வீட்டுது. எங்க டேங்கு. வீட்டுக்காரருக்கு நா இப்பவே போன் போட்டுச் சொல்றேன்."

பாக்கியம் முடிச்சுப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அது ஒங்க டேங்குன்னு இந்தத் தெருவுக்கே தெரியும் மதினி. ஒங்களுக்குத்தான் தெரியல."

"தெரிஞ்சுக்கிட்டா பேசாம இருந்த? ஒரு வார்த்த வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நா சொன்னா?" பாக்கியம் அவளை நேராகப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. "கருவாட்டுக்காரி வந்து, ஒங்க வீடுதான் நாறுதுன்னு சொன்னா, கேட்டிருப்பீகளா?"

ஜெசிந்தா கேட்டிருக்க மாட்டாள். செருப்பைக் கழற்றியிருப்பாள். அது இருவருக்கும் தெரியும்.

"இப்ப சொல்றேன்ல. இரு பாக்கியம். பிள்ளைக பள்ளிக்கூடம் இங்கனதான இருக்கு."

"இருக்க மாட்டேன் மதினி. டேங்கு வாடை எனக்கொண்ணும் பெரிசில்ல. எம் பிள்ளைகளப் பாத்து நீங்க மூஞ்சியச் சுளிச்சீகள்ல, அதுகளுக்கு அது தெரியும். சின்னது தெனமும் ரெண்டு தரம் குளிக்குது. எதுக்குக் குளிக்குதுன்னு போன வாரம்தான் எனக்கே தெரிஞ்சுச்சு."

டிரைவர் ஹாரன் அடித்தான். பாக்கியம் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி முடுக்கை விட்டுத் திரும்பும்போது சின்னவள் தன் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா பார்க்கிறாள் என்று தெரிந்ததும் கையை இறக்கிப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

தன் மூக்கை அறுத்துத் தெருவில் எறியலாம் போல ஜெசிந்தாவுக்கு இருந்தது. வண்டி போன பிறகும் அங்கேயே நின்றாள். எதிர்க்காற்றில் திராட்சைக் கொடியின் பச்சை வாசனை வந்தது, எங்கேயோ மழை பெய்த வாசனையும் வந்தது. பின்னால் கிறீச்சென்று சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

அமிர்தராஜ் ஜன்னல் கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். கிழிந்த ரப்பர் பட்டையைக் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி இடுக்கில் சொருகினார். அப்புறம் உள்ளே டேப்பை உருளையிலிருந்து பர்ரென்று இழுக்கும் சத்தம் கேட்டது.

"உள்ள வா. வெயில்ல நின்னு ஊருக்குக் காட்சி குடுக்காத," என்றார் மூடின கதவுக்குப் பின்னாலிருந்து.

அவளுக்குப் போக வேறு வீடு கிடையாது. ஜெசிந்தா அந்தக் காற்றை நெஞ்சு நிறைய ஒரு தரம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வாசற்படி ஏறினாள்.